டிராகனில் யானையைக் கொடுத்துப் பார்த்தேன்

செஸ்ஸில் கறுப்புக் காய்களோடு சிசிலியன் தொடக்கத்தின் டிராகன் என்ற கிளையை ஆடப் போகிறேன் என்றால் யாராவது ஒருவர் கார்ப்போவ் - கோர்ச்னாய் ஆட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார். 1974, மாஸ்கோ. வெள்ளையில் ஆடிய கார்ப்போவ் ஓரத்து எச் சிப்பாயைத் தியாகம் செய்து அந்த ஃபைலை, அதாவது நெடுவரிசையை, திறந்தார். 27 நகர்வில் கறுப்பு காலி. அதனால்தான் நான் சோல்டிஸ் என்ற நகர்வு வரிசையைப் படித்தேன். 12-வது நகர்வில் கறுப்பே எச்5 வைத்து அந்தச் சிப்பாயை மறித்துவிடும்.

இந்த வார ரேட்டட் ஓபன் போட்டியில் நான் கறுப்பு, அது பலகைக்கே வந்தது. எதிரில் பள்ளிக்கூடப் பையன், ரேட்டிங்கில் என்னைவிட ரொம்ப மேலே. 12 நகர்வு வரை இருவரும் மனப்பாடம். அடுத்து பிஷப் ஜி5 வரும் என்று காத்திருந்தேன். அவன் ராஜாவை பி1-க்கு நகர்த்தினான். சரி, குதிரை சி4, பிஷப் அடிக்க, யானையால் திருப்பி அடித்தேன். 15-இல் அவன் பிஷப் எச்6. பிஷப்புகளை மாற்றிக்கொண்டதும் அவனுடைய ராணி எச்6-இல் போய் நின்றது, அதாவது சி3 குதிரையை விட்டு விலகிவிட்டது.

டிராகன்காரர்கள் காத்திருப்பது இதற்குத்தான். யானையால் அந்தக் குதிரையை அடித்தேன். பி சிப்பாயால் எடுத்தான். என் ராணி ஏ5-க்கு. குதிரைக்கு யானை, கணக்குப் போட்டால் எனக்கு நஷ்டம்தான். ஆனால் சி3, ஏ2 இரண்டும் ஓட்டை, அவன் ராஜாவுக்கு முன்னால் வேலி இல்லை, என் ராஜா பக்கம் எச்5-இல் எல்லாம் அடைத்துக்கிடக்கிறது. முன்பெல்லாம் இந்த இடத்தில் மேட் தெரிகிறதா என்று தேடிக் கடிகாரத்தைத் தின்பேன். இந்த முறை தேடவே இல்லை. அவன் ராணியை இ3-க்கு இழுத்தான், நான் மிச்ச யானையை சி8-க்குக் கொண்டுவந்தேன், அப்புறம் மெதுவாக அழுத்தினேன். கார்ப்போவ் அன்று டி4 குதிரையை இ2-க்குப் பின்வாங்கி சி3-ஐக் காத்தது ஏன் என்று உட்கார்ந்த இடத்திலேயே புரிந்தது.

கடைசியில் அவன் ஒரு யானையைக் குதிரைக்குத் திருப்பிக் கொடுத்தான். எனக்கு ஒரு சிப்பாய் அதிகத்தோடு, யானைகள் மட்டும் மிஞ்சிய யானை எண்டிங், டிரா. அவன் தடுத்த விதம் பிரமாதம்.

"பிஷப் ஜி5-தான் எனக்கும் தெரியும் அங்கிள், நீங்க அதைப் படிச்சிருப்பீங்கன்னுதான் மாத்தினேன்" என்றான். படித்திருந்தேன், யானை சி5 பதிலோடு. அது பயன்படாமல் அப்படியே இருக்கிறது. அடுத்து உட்கார வேண்டியது யானை எண்டிங்குக்கும், வெள்ளையில் இரண்டாவது நகர்விலேயே சிப்பாயை சி3-இல் வைத்து டிராகன் பக்கமே வராதவர்களுக்கும்.