பதுவையின் வட்ட மதில்: நாட்குறிப்பு

மே 14

இத்தாலியின் பதுவை நகருக்குப் புனித அந்தோணியாரைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். நான் வந்தது அவருடைய பேராலயத்துக்குப் பின்னால், நகரின் நடுவே மதிலுக்குள் இருக்கும் மூலிகைத் தோட்டத்துக்காக. 1545-இல் வெனிஸ் குடியரசின் செனட் சபை ஒப்புதல் தந்து, பல்கலைக்கழகத்துக்காக உருவான தோட்டம். பீசா நகரத் தோட்டம் இதைவிடச் சற்று மூத்தது. ஆனால் அது இடம் மாறிவிட்டது. இது முளைத்த மண்ணிலேயே நிற்கிறது. நாளை காலையில் போகிறேன்.

மே 15

மதில் வட்டமானது. குறுக்களவு ஏறத்தாழ 85 மீட்டர். அதற்குள் நான்கு சதுரங்கள், நடுவில் நீர்த்தொட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் கல்வரம்பு கட்டிய சிறு சிறு பாத்திகள். வரைபடத்தில் பார்க்கும்போது வெறும் அலங்காரம் என்றே தோன்றும். பாத்தியருகே குனிந்து பெயர்ப்பலகை படிக்கும்போதுதான் இது ஒரு வகுப்பறை என்பது புரிகிறது.

அன்றைய மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைப் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களின் வர்ணனைகளிலிருந்தே கற்றார்கள். ஒரே பெயரில் வெவ்வேறு வேர்கள் விற்பனைக்கு வந்தன. வேர் மாறினால் நோயாளியின் உயிர் போகும். உயிருள்ள செடியை மாணவன் கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்று வலியுறுத்தியவர் பேராசிரியர் பிரான்செஸ்கோ போனாஃபெதே. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கக்கூடிய யோசனை அது. அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரியவேண்டும் என்று விரும்புகிறேன்.

மதில் வந்தது திருட்டால். மூலிகைகளுக்கு நல்ல விலை இருந்தது. இரவில் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1552-இல் சுற்றுச்சுவர் எழுந்தது. தோட்டத்தின் சட்டங்களை லத்தீனில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: தண்டை ஒடிக்காதே, பூவைப் பறிக்காதே, விதையையோ பழத்தையோ எடுக்காதே, வேரைத் தோண்டாதே. மீறினால் அபராதம், சிறை, நாடுகடத்தல். ஒரு செடிக்காகவா நாடுகடத்தல் என்று முதலில் திகைத்தேன். பாடநூலின் பக்கத்தைக் கிழிப்பதைப் போன்ற குற்றம் அது என்று பிறகு தோன்றியது. அந்தச் செடி போனால் அந்த ஆண்டு மாணவர்களுக்கு அந்தப் பாடமே இல்லை.

மே 16

பனைமரத்துக்காக மறுபடியும் போனேன். 1585-இல் நட்ட குட்டைப் பனை. எண்கோணக் கண்ணாடிக் கூடத்துக்குள் பல தண்டுகளாகப் பிரிந்து உயர்ந்து நிற்கிறது. தோட்டத்தில் இப்போதிருக்கும் தாவரங்களில் மிகப் பழையது. 1786 செப்டம்பரில் ஜெர்மானியக் கவிஞர் கதே இதன் முன் நின்றிருக்கிறார். அடியில் எளிய ஈட்டி வடிவ இலை, மேலே போகப் போகக் கீறல் விழுந்து, கடைசியில் முழு விசிறி. ஒரே உறுப்பு படிப்படியாக உருமாறுகிறது என்ற எண்ணத்துக்கு இந்த மரம் அவருக்குக் கண்கண்ட சான்றானது. 1790-இல் தாவர உருமாற்றம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அந்த இலை வரிசையைத் தோட்டக்காரரிடம் கேட்டு வெட்டி வாங்கி, அட்டைகளுக்கிடையே வைத்துப் பல ஆண்டுகள் பாதுகாத்தாராம்.

நானும் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இலையாகப் பார்த்தேன். அந்த வரிசை இப்போதும் தெரிகிறது. கூடத்தில் கூட்டம் இல்லை. அவசரப்படாமல் பார்க்க முடிந்தது.

மதிலுக்கு வெளியே 1680-இல் நட்ட கீழைப் பிளேன் மரம் (காஷ்மீரில் சினார் என்பார்கள்). அடிமரம் உள்ளே கோறையாகிவிட்டது; மேலே இலை அடர்ந்திருக்கிறது.

மே 17

2014-இல் திறந்த புதிய கண்ணாடிக் கூடங்களையும் பார்த்தேன். வெப்பமண்டலக் காடு முதல் பாலைவனம் வரை தட்பவெப்பம் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சிறப்பான ஏற்பாடு, குழந்தைகளோடு போனால் அங்கேயே பாதி நாள் போய்விடும். இருந்தாலும் என் யோசனை: பழைய வட்டத்தை முதலில் பாருங்கள், காலையிலேயே. பெயர்ப்பலகைகளைப் படிக்க நேரம் வேண்டும். நச்சுச் செடிகளின் பாத்தியை விட்டுவிடாதீர்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் அளவு ஒன்றே வித்தியாசமான பல செடிகள் அங்கே இருக்கின்றன.