பழைய கொம்பியூட்டருக்குப் புது விண்டோஸ் போடலாமா?

விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொப்ட் தந்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கிற சொந்தக்காரர், கூட்டாளிகள் பாதிப்பேர் கேட்பது ஒரே விஷயம்தான்: வீட்டில் நிற்கிற பழைய மெஷினுக்கு 11 போடலாமா, போடாவிட்டால் ஏதும் நடக்குமா, இல்லாவிட்டால் புதுசு வாங்கத்தான் வேணுமா. எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். கொக்குவிலில் அப்பாவின் மேசையில் இருப்பது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ5 புரொசெசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதை வைத்து நான் யோசித்ததையும் முடிவெடுத்ததையும் இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுவோம். ஆதரவு முடிந்ததென்றால் மெஷின் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. நேற்றுப் போலத்தான் இன்றைக்கும் திறக்கும், பைல் எல்லாம் அப்படியே இருக்கும், யூடியூப் ஓடும். நின்றது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். விண்டோஸுக்குள் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கிற வேலை இனி விண்டோஸ் 10 இற்குத் தானாக வராது. அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் நிறைய இருக்கிறது.

எங்கள் ஊரில் பழசைக் கைவிடுகிற பழக்கம் இல்லை. பிரித்தானியாவில் எப்போதோ செய்வதை நிறுத்திவிட்ட ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் யாழ்ப்பாண ரோட்டில் இத்தனை காலம் ஓடியது, சாமான் கிடைக்காத காலத்திலும் கடைந்தோ ஒட்டியோ ஒரு பாகத்தைச் செய்து போட இங்கே கைகள் இருந்தபடியால்தான். அதே மனத்தோடுதான் கொம்பியூட்டரையும் பார்க்கிறோம், அது நல்ல குணம். ஆனால் விண்டோஸின் ஓட்டையை இங்கே இருக்கிற எந்தக் கெட்டிக்காரரும் திறந்து அடைக்க முடியாது, அதைச் செய்தவன்தான் அடைக்க வேணும். 2017 மே மாதம் வனாக்ரை என்ற கப்பம் கேட்கிற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது பிரித்தானிய ஆஸ்பத்திரிகள் கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அடிபட்டது அதைப் போடாமல் விட்டிருந்த மெஷின்கள்தான்.

சரி, அப்படியென்றால் 11 ஐப் போட்டுவிடலாமே என்றால், அது எல்லாவற்றிலும் ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேணும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அளவில், அதோடு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், மெஷின் தொடங்கும்போதே கள்ள சொப்ட்வெயரை மறிக்கிற செக்கியூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். எட்டாம் தலைமுறை வந்தது 2017 இல். இங்கே வீடுகளில் இருக்கிற மெஷின்களில் நிறைய அதற்கு முந்தியவை, கொழும்பிலிருந்து பாவித்த பொருளாக வந்த ஒபிஸ் கொம்பியூட்டர்கள். மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன சொப்ட்வெயரைப் போட்டுப் பார்த்தால் உங்களுடையது தேறுமா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். அப்பாவின் மெஷின் தேறாது.

தேறாத மெஷினிலும் 11 ஐ ஏற்ற வழி இருக்கிறது. ரூஃபஸ் என்ற இலவச சொப்ட்வெயரால் பென் டிரைவ் தயாரிக்கும்போது அந்தச் சோதனைகளை எடுத்துவிடலாம், டவுனில் கேட்டால் செய்து தருகிற பெடியன்களும் இருக்கிறார்கள். நான் அதை வேண்டாம் என்கிறேன். இப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை, பெரிய பதிப்பு ஒவ்வொன்று வரும்போதும் திரும்பவும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு வந்தபோது இன்டெல்லின் பழைய கோர் 2 டுவோ சிப் காலத்து மெஷின்கள் ஒரேயடியாக வெளியே போயின, அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் சிப்களில் இல்லை. நீங்களே இருந்து பாவிக்கிற மெஷின் என்றால் பரவாயில்லை, வந்ததைப் பார்த்துக்கொள்ளலாம். அறுபது எழுபது வயதுக்காரர் தனியே இருந்து பாவிக்கிற மெஷினில் இந்த விளையாட்டு வேண்டாம். அதைவிட மோசமானது கடையில் காசு வாங்கிப் போட்டுத் தருகிற ஆக்டிவேட்டர், அதாவது லைசென்ஸ் இல்லாத விண்டோஸை லைசென்ஸ் உள்ளதுபோலக் காட்டுகிற கள்ள சொப்ட்வெயர். அதை ஓடவிட முதலில் விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபென்டரை நிற்பாட்டச் சொல்வார்கள். பாதுகாப்புக்காக விண்டோஸை மாற்றப் போய்ப் பாதுகாப்பையே நிற்பாட்டுவது என்ன கணக்கு?

இன்னொரு விஷயம். வீட்டில் 'விண்டோஸ் பழசாய்ப் போச்சு, அதுதான் ஸ்லோ' என்று சொல்வதில் முக்கால்வாசி விண்டோஸால் வருவதில்லை, சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கால் வருவது. அப்பாவின் மெஷினில் டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சொப்ட்வெயரைத் திறந்தபோது நீலமாக இருக்கவேண்டிய பெட்டி மஞ்சளாக நின்றது, அதாவது வாசிக்க முடியாத இடங்கள் டிஸ்க்கில் தோன்றத் தொடங்கிவிட்டன. 2022 இல் ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கரண்ட் போன காலத்தை அந்த டிஸ்க் தாண்டி வந்திருக்கிறது, யூபிஎஸ் பற்றரியும் செத்துப்போய் இருந்தது, நொந்துபோகாமல் என்ன செய்யும். இந்த நிலையில் எந்த விண்டோஸைப் போட்டாலும் வீண். சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி சாதாரணமாக 240 ஜிபியில் ஒன்று, இன்னொரு 4 ஜிபி பாவித்த டிடிஆர்3 ராம், இவ்வளவும் போட்டாலே அந்த மெஷின் வேறு மெஷின். அதோடு மதர்போர்டில் இருக்கிற நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரியையும் மாற்றுங்கள். அது செத்தால் கரண்ட் போய் வருகிற நேரமெல்லாம் திகதி பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும், பாங்க் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பில்லை என்று பிரௌசர் மறிக்கும், வீட்டுக்காரர் வைரஸ் வந்துவிட்டதென்று பயப்படுவார்கள்.

இனித்தான் எனக்கு முக்கியமான பகுதி. எந்த விண்டோஸ் என்று முடிவெடுக்க முன்னம், பழைய விண்டோஸோடு கட்டுப்பட்டுக் கிடக்கிறது என்னென்ன என்று பார்க்க வேணும். அப்பா கனகாலம் எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்தவர். கூட்ட அறிக்கைகள், கணக்கறிக்கைகள், ஆண்டு விழா அழைப்பிதழ்கள், கோயில் திருவிழா மலருக்கு எழுதியவை, ஆட்களுக்கு எழுதிக் கொடுத்த அஞ்சலிக் கட்டுரைகள் என்று எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். எல்லாமே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். நான் மெஷினைத் திறக்கப்போக, 'உதுக்குள்ளதான் நிலையத்தின்ர எல்லாம் கிடக்கு, தம்பி, பாத்துச் செய்' என்றார்.

பாமினியில் அடித்தது உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. எழுத்துரு மட்டும்தான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில விசைகள். அம்மா என்று அடித்தால் பைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் இருபது வருடக் கூட்ட அறிக்கையும் இப்படியே ஒன்றும் விளங்காத ஆங்கிலமாகக் கொட்டும். புது விண்டோஸ் போட்டவுடன் 'பைல் எல்லாம் பழுதாய்ப் போச்சு' என்று ஓடிவருகிறவர்களில் நிறையப்பேருக்குப் பைல் பழுதாகவே இல்லை, எழுத்துரு பைலைக் கொப்பி பண்ணாமல் அழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் டொகுமென்ட்ஸ் போல்டரோடு நிற்காமல் பொன்ட்ஸ் போல்டரையும் எடுத்து வையுங்கள். புதிதாகப் போடும் வேர்ட்டிலோ அதற்குப் பதிலான இலவச லிப்ரே ஒபிஸிலோ வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குகிற வசதியையும் முதல் வேலையாக நிற்பாட்டுங்கள். பாமினியில் சின்ன எம் என்பது அ, பெரிய எம் என்பது ஆ. நிற்பாட்டாவிட்டால் வசனத்தைத் தொடங்குகிற ஒவ்வொரு அம்மாவும் ஆம்மா ஆகிவிடுவார்.

கட்டை அவிழ்க்கிற வழி, தமிழைத் தமிழாகவே சேமிக்கிற பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுவது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, பெரும்பாலும் நன்றாகவே மாற்றுகின்றன, ஆனால் மாற்றியதை ஒருக்காலாவது வாசிக்க வேணும். பாமினியில் ஔகாரத்தின் பின் குறியும் ளகரமும் ஒரே விசை, அதனால் 'கௌரவ தலைவர்' என்பது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக உடைந்து வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பிறகு கௌரவ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, சனசமூக நிலைய அறிக்கையில் அந்தச் சொல் இல்லாத பக்கம் எங்கே இருக்கிறது? அதோடு நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை இல்லை இது, ஆறுதலாக இருந்து செய்ய வேணும்.

அந்த ஆறுதலுக்குத்தான் எனக்குக் கால அவகாசம் தேவைப்பட்டது, அது கிடைக்கவும் செய்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு விண்டோஸ் 10 இன் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கிற திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இல் இருக்க வேணும், மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைய வேணும், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிகிற இணைப்பு வரும். 30 டொலர் கட்டலாம், அல்லது உங்கள் செட்டிங்ஸை ஒன்டிரைவ் என்ற அவர்களின் இணையச் சேமிப்பில் கொப்பி வைக்க ஒத்துக்கொண்டால் காசில்லாமலே பதியலாம். புது வசதி ஒன்றும் வராது, ஓட்டை அடைக்கிற வேலை மட்டும் நடக்கும். எங்களுக்கு அது போதும். அதனால் அப்பாவின் மெஷினில் எஸ்எஸ்டிக்கு விண்டோஸ் 10 ஐ அப்படியே மாற்றி, இந்தத் திட்டத்தில் பதிந்துவிட்டேன். பழைய டிஸ்க் இனி எழுதப்படாது, அதில் இருந்ததை வெளி டிஸ்க் ஒன்றிலும் கனடாவில் இருக்கிற அக்காவின் மெஷினிலுமாக இரண்டு இடத்தில் கொப்பி வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் தான். 22 ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும், 4 ஜிபி ராமிலேயே வசதியாக ஓடும், அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற பாரம் குறைந்த பதிப்பென்றால் இன்னும் இலகு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம் என்பது. அப்பாவையே இருத்திப் பார்க்கவைத்தேன். பிரௌசர், அக்காவோடு கதைக்கிற சூம், படங்கள் எல்லாம் அவருக்குக் கஷ்டமில்லை. பாமினி எழுத்துருவை உள்ளே போட்டவுடன் லிப்ரே ஒபிஸில் பழைய அறிக்கைகள் வடிவாகத் திறந்தன, அட்டவணைகள்தான் அங்கங்கே குலைந்தன. யூனிகோடில் தமிழ் அடிக்க தமிழ்99 உம் எங்கள் ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் பாவிக்கலாம். சரிவராதது பழைய லேசர் பிரிண்டர். அதற்கு லினக்ஸ் டிரைவர் சண்டை பிடித்துத்தான் போட வேணும், அது முடியாமல் அப்பாவை மாற்றச் சொல்ல நான் தயாரில்லை. பிள்ளை ஏ.எல் படிக்கிற வீடு, பேப்பர் பிரின்ட் எடுக்காத நாளே இல்லை என்றால், உங்களுக்கும் முதலில் சோதிக்கவேண்டியது பிரிண்டர்தான்.

எதைப் போட்டாலும் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள், அதுவும் மாரி மழை இடி மின்னல் காலத்தில். நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய டிஸ்க்கோடு நிற்க வேண்டி வரும். விண்டோஸ் 11 இன் பைல் 5 ஜிபிக்கு மேலே, மின்ட் 3 ஜிபி அளவு, இரவு டேட்டாவில் இறக்கினால் பகல் டேட்டா தப்பும்.

உங்களிடம் இருப்பது 2 ஜிபி ராமோடு ஒரு கோர் 2 டுவோ என்றால் அதில் காசு போட வேண்டாம், பைல்களை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். பாவித்த மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்றால் 'ஐ7 அண்ணா, நல்ல சாமான்' என்பதோடு திருப்திப்படாமல் முழு நம்பரையும் கேளுங்கள். ஐ7-4770 இற்கு விண்டோஸ் 11 கிடையாது, ஐ3-8100 இற்கு உண்டு. கோட்டுக்குப் பிறகு வருகிற முதல் இலக்கம்தான் தலைமுறை, பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்கள்.