2045க்கு முன் நட வேண்டிய தேயிலை

இலங்கைத் தேயிலையின் வளர்ச்சியைப் பற்றிப் பேச்செடுப்பவர்கள் பெரும்பாலும் உற்பத்தி அளவிலிருந்தே தொடங்குகிறார்கள். 2013இல் 340 மில்லியன் கிலோவைத் தொட்ட உற்பத்தி 2024இல் ஏறத்தாழ 262 மில்லியன் கிலோவாக இருந்தது என்பதால், இழந்ததை மீட்டாலே தொழில் நிமிர்ந்துவிடும் என்று எண்ணுவது இயல்புதான். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் தேயிலை வியாபாரத்தை ஒட்டிய வேலையில் இருக்கும் எனக்கு அந்தக் கணக்கில் முழு நம்பிக்கை இல்லை. கிலோவைக் கூட்டுவதற்கு முன், செடியைப் பார்த்துக்கொள்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும்.

அளவை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா அண்மை உதாரணம். ஆண்டுக்கு 500 மில்லியன் கிலோவுக்கு மேல் விளைவிக்கும் அந்த நாட்டில், விலை சரிவதைத் தடுக்க 2021இல் சிறுவிவசாயிகளின் தேயிலைக்கு மொம்பாசா ஏலத்தில் கிலோவுக்கு 2.43 டொலர் என்று அடிவிலை நிர்ணயித்தார்கள். வாங்குவோர் ஒதுங்கினார்கள், களஞ்சியங்களில் தேயிலை தேங்கியது, கடைசியில் 2024இல் அந்த அடிவிலையைக் கைவிட வேண்டியதாயிற்று. நம்முடைய தேயிலை சராசரியாக ஐந்து டொலருக்கு மேல் ஏற்றுமதியாகிறது. அவர்கள் இலையை இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய, தேயிலைப் பைக்கு ஏற்ற சீ.டி.சீ. தூளை விற்கிறார்கள், நாம் பெரும்பாலும் இலையை முறுக்கிப் பக்குவப்படுத்தும் பழைய முறைத் தேயிலையை விற்கிறோம். எனவே அளவில் அவர்களை எட்டிப்பிடிப்பது நமக்கு வேண்டாத போட்டி.

உற்பத்தி ஏன் விழுந்தது என்றால், 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையை எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையே. சில மாதங்களில் தடை தளர்த்தப்பட்டாலும், பின்னர் உரத்தின் விலை ஏறியபோது பலர் போடுவதைக் குறைத்துவிட்டதால் அடி நீண்ட காலம் வலித்தது. ஆனால் உரத் தடைக்கு முன்பே மலைநாட்டுச் செடிகள் கிழடாகிவிட்டன. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் விதையிலிருந்து நட்ட தேயிலை இன்றும் பல மலைகளில் நிற்கிறது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, தாய்ச்செடியின் தண்டிலிருந்து வளர்க்கப்படும் வி.பி. ரகங்கள் விளைச்சலில் அவற்றை எளிதாக மிஞ்சும். இது தெரியாத தோட்ட நிர்வாகி எவரும் இல்லை. இருந்தும் மறுநடுகை நடப்பதில்லை.

பழைய செடிகளைப் பிடுங்கி, மண் தேறுவதற்காக ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, அதன்பின் கன்று நட்டு, அது ஒழுங்காகக் கொழுந்து கொடுக்க மேலும் மூன்று ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளும் செலவு மட்டுமே. 1992இல் அரசின் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையோ 2045இல் முடிகிறது. முப்பது, நாற்பது ஆண்டு பலன் தரும் செடியை, பாதிப் பலன் யாருக்குப் போகும் என்று தெரியாத நிலத்தில் நடுவதற்கு எந்தக் கணக்காளரும் சம்மதிக்கமாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் சம்மதித்திருக்கமாட்டேன்.

தாழ்நிலத் தேயிலை விளையும் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் செடி பெரும்பாலும் சிறுதோட்டக்காரருக்கே சொந்தம் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தருகிறவர்கள் சிறுதோட்டக்காரர்கள்; பலருக்கு ஓர் ஏக்கர்கூட இராது. கொழுந்தைத் தனியார் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள், விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 சதவீதம் தொழிற்சாலைக்கும் என்று விலைச் சூத்திரம் இருக்கிறது. ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகள் விரும்பும் கடுஞ்சாய இலைத் தேயிலை அங்கிருந்தே போகிறது. கொழும்பு ஏலத்தில் தாழ்நிலத் தேயிலை மலைநாட்டுத் தேயிலையை விட அதிக விலை பெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நுவரெலியாக் குளிரையும் திம்புள்ளையின் மணத்தையும் பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த நமக்கு இது சற்று உறைக்கும் உண்மை.

தாழ்நிலத்தில் மண்ணும் மழையும் உதவுகின்றன என்பது சரி. ஆனாலும் செடி தன்னுடையதாக இருப்பவர் அதை வேறு விதமாக நடத்துகிறார் என்பதை மலையகத்திலேயே காணலாம். சில கம்பனிகள் ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்க, தொழிலாளர் குடும்பங்களுக்குச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கியுள்ளன. ஊவாவில் என் சித்திக்கு அப்படி ஒரு துண்டு கிடைத்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, நாளுக்குரிய நிறையை எடுத்துவிட்டால் போதும் என்றிருந்தவர், துண்டு கைக்கு வந்ததும் முதலில் செய்தது, செத்துப்போன செடிகளின் இடத்தில் கன்று வைத்ததுதான். கவ்வாத்து வெட்டும்போது வாதுகள் பிளந்துவிடாதபடி பக்கத்திலேயே நின்றார். முற்றல் இலை கலந்தால் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் கழித்துவிடுவார்கள் என்பதால், சுற்று தவறாமல் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிறார். நல்ல தேயிலைக்கு வேண்டிய இரண்டு இலையும் மொட்டும், கங்காணி சத்தம் போடாமலே கூடைக்கு வருகின்றன.

இதிலுள்ள குறையையும் சொல்ல வேண்டும். சித்தியின் கையில் காகிதம் எதுவும் இல்லை. ஊழியர் சேமலாப நிதி அந்தக் கிலோக் காசுக்குக் கட்டப்படுவதில்லை. நிர்வாகம் நினைத்தால் அடுத்த ஆண்டு துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஆகவே, கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பழைய வேலைக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் சொல்வதைப் புறந்தள்ள முடியாது. கென்யாவிடம் நாம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது: அங்கே சிறுவிவசாயிகள் தாங்கள் கொழுந்து கொடுக்கும் தொழிற்சாலையின் பங்குதாரர்களாகவும் இருக்கிறார்கள், மாதந்தோறும் கொழுந்துக்குக் காசு, ஆண்டு முடிவில் விற்பனையைப் பொறுத்து இரண்டாவது கொடுப்பனவு. அங்கும் முறைப்பாடுகள் நிறைய உண்டு. ஆனால் நல்ல விலை வந்தால் அதில் தனக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் கொழுந்தெடுப்பவரிடம் இருக்கிறது.

அந்தப் பங்கு பெறுமதியாக வேண்டுமானால் விலை உயர வேண்டும். மலைநாட்டுக்கு அதற்கான வழி இருக்கிறது. ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு ஊவாவில் இறங்கும்போது, செடியின் வளர்ச்சி மந்தமாகி, கொழுந்தில் ஒருவித மருந்து வாசனை ஏறுகிறது. தைலம் தடவிய கையை முகர்வது போன்ற அந்த வாசனைக்கு ஜப்பானிலும் ஜெர்மனியிலும் காத்திருந்து வாங்குகிறவர்கள் உண்டு. சில வாரங்களே நீடிக்கும் அந்தப் பருவத்துத் தேயிலை ஏலத்தில் தனி விலை பெறுகிறது. ஆனால் பெரும்பகுதி மூட்டையாகப் போய், வேறு தேயிலைகளோடு கலந்து, தோட்டத்தின் பெயரே இல்லாத பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. டார்ஜிலிங் 2004இல் ஒரு பொருளின் பெயரை அது விளையும் இடத்துக்கே உரியதாக்கும் புவிசார் குறியீட்டை இந்தியாவில் முதலாவதாகப் பெற்று, 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பாதுகாப்புப் பெற்றது. நமது கறுவாவே 2022இல் அந்த ஐரோப்பிய அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது. தேயிலைப் பொதிகளில் இடும் சிங்கச் சின்னம் நமக்கு உண்டு, நாட்டின் பெயரை அது காக்கிறது. தோட்டத்தையும் பருவத்தையும் பெயர் சொல்லி விற்பது அதற்கு அடுத்த படி.

இலங்கையில் பொதி செய்து மதிப்புக்கூட்டுவது பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பேசியாயிற்று. மலிவான வெளிநாட்டுத் தேயிலையை இறக்கி இங்கே கலந்து விற்கும் மையமாவது என்ற திட்டமும் அடிக்கடி தலைகாட்டுகிறது. துபாய் அதை ஏற்கெனவே செய்கிறது, அதற்காக நம் பெயரை அடகு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அதைவிட அவசரமானது, தெளித்த மருந்து தேயிலையில் எஞ்சியிருக்கும் எச்சப் பிரச்சினை. 2015இல் கிளைபோசேட் களைநாசினியைத் திடீரெனத் தடை செய்ததும் பலர் வேறு மருந்துகளுக்குத் தாவினார்கள். அவற்றில் ஒன்றான எம்.சீ.பீ.ஏ. நம் தேயிலையில் எஞ்சியிருப்பதை 2018இல் ஜப்பான் சுட்டிக்காட்டியது. எந்தத் துண்டில் யார் என்ன தெளித்தார் என்று சொல்ல முடிந்தால்தான் அந்தச் சந்தைகளில் நிலைக்க முடியும். தனக்கென்று எல்லை வகுத்த துண்டு வைத்திருப்பவரிடம் அதைக் கேட்டுப் பதிவது கடினமல்ல.

தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலில் பிரித்துக் கொடுக்க வேண்டியவை, ஆளில்லாமல் காடேறிக் கிடக்கும் மலைகள். அவற்றிலிருந்து கம்பனிக்கு இன்று ஒரு கிலோவும் வருவதில்லை. கொடுத்தால் கொழுந்து அதே தொழிற்சாலைக்குத்தான் வரும். 2045ஐத் தாண்டியும் செல்லுபடியாகும் காணி உறுதியோ நீண்டகாலக் குத்தகையோ அந்தக் குடும்பத்தின் பெயரில், முடிந்தால் கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயரில், எழுதப்பட வேண்டும். சிறுதோட்டக்காரருக்கு அரசு தரும் மறுநடுகை மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் முதலில் கேட்பது காணிப் பத்திரத்தைத்தான். இருநூறு ஆண்டுகளாக அந்த மலைகளில் உழைத்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் அது இன்னும் இல்லை.