கிணற்றுக் கணக்கு, ஐப்பசி

அக்டோபர் 17
அப்பாவின் லேப்டாப் எழவில்லை. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனதிலிருந்து ‘ரிப்பேர்’ என்று வட்டம் சுற்றிவிட்டு மறுபடி கறுத்துப் போகிறது. வாங்கும்போது டிஸ்க் எதுவும் தரவில்லை, போடுவதற்கு இடமும் இல்லை. ரெக்கவரி பென்டிரைவ் ஒன்று அன்றே செய்து வைத்திருக்கலாம். அப்பா “பிறகு பார்க்கலாம்” என்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

கிணறு 34 அடி.

அக்டோபர் 18
ஐசியூவில் அப்பாவைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் விட்டார்கள். குழாய் இருப்பதால் பேச முடியாது. கையைக் கீழே இறக்கிக் காட்டினார். கிணறு அளக்கும் கயிறு. 34 என்று விரலில் காட்டினேன்.

அக்டோபர் 19
விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம் என்கிறார்கள். ஏற்றினால் எக்செல் ஃபைல் போய்விடும். 2011லிருந்து ஒரு நாள் விடாமல் அப்பா கிணற்றை அளந்த கணக்கு. முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

விண்டோஸ் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே கணினியை எழுப்பி ஃபைலை எடுக்க சிஸ்டம்ரெஸ்க்யூ என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஜிபி சொச்சம்தான். போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி, போதும். பக்கத்து வீட்டுத் தம்பியின் கணினியில் இறக்கி, அந்த ஒற்றை ஃபைலை, ஐஎஸ்ஓவை, அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தேன். பூட் ஆகவில்லை. அது வெறும் ஃபைலாகத்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து எழுதினால்தான் பூட் ஆகும் பென்டிரைவாக மாறுமாம். அதில் இருந்ததெல்லாம் அழிந்தது, அழியட்டும்.

அக்டோபர் 20
34.

அக்டோபர் 21
எஃப் 12 அழுத்தினால் பென்டிரைவின் பெயர் வருகிறது, தேர்ந்தெடுத்தால் மறுக்கிறது. தெரியாத சிஸ்டத்தை எழ விடாமல் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ அமைப்பை அணைத்ததும் மெனு வந்தது. அழுதுவிட்டேன்.

ஆனால் டிரைவ் பூட்டியிருக்கிறது. பிட்லாக்கர், விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டு. 48 இலக்கச் சாவி கேட்கிறது. அப்பாவிடம் எப்படிக் கேட்பேன்?

அக்டோபர் 22
கிணற்றின் பழைய நோட்டில், கடைசிப் பக்கத்தில், அவர் கையெழுத்தில் சாவி! ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. மூன்றாவதில் ஓர் இலக்கம் மட்டும் தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. 417, அப்புறம் கறை, அப்புறம் 83. நாலா ஒன்பதா?

கிணறு அளக்க மறந்துவிட்டேன். முதல்முறை.

அக்டோபர் 23
பிட்லாக்கர் சாவியில் ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும் என்று படித்தேன். உடனே நோட்டை எடுத்தேன். பள்ளியில் படித்ததுதான்: ஒன்றுவிட்டு ஒன்று கூட்டி, மற்றதைக் கழிக்க வேண்டும். 4, 7, 8 சேர்ந்து 19. 1, 3 சேர்ந்து 4. மீதி 15. அதிலிருந்து கலைந்த இலக்கத்தைக் கழித்தால் 11 வர வேண்டும். நாலு. 417483. ஒன்பதாக இருக்கவே முடியாது.

திறந்தது. முதல் வரிசை 2011, கடைசி வரிசை அவரை அழைத்துப்போன நாள். இன்னொரு பென்டிரைவிலும் போனிலும் காப்பி எடுத்துவிட்டேன். 22ஆம் தேதிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

கிணறு 33½.

அக்டோபர் 24
விண்டோஸ் பென்டிரைவ் செய்ய 8 ஜிபியாவது வேண்டும். நாளை வாங்க வேண்டும். வார்டுக்கு மாற்றலாமா என்று பேசிக்கொண்டார்கள், இன்னும் முடிவாகவில்லை.

33.

அக்டோபர் 25
இரவெல்லாம் மழை. இன்னும் அளக்கவில்லை, கயிறு நனைந்து கிடக்கிறது.