மீன்பிடித் தடைக்காலம் முடிந்த ஜூன்: நர்சிங் மாணவிகளுக்கு வார்டு குறிப்புகள்

ஜூன் 11
சொட்டுக் கணக்கில் சூத்திரத்துக்கு முன்னால் டிரிப் செட்டின், அதாவது சலைன் ஏற்றும் குழாயின், உறையைப் படிக்க வேண்டும். மில்லிக்கு 20 சொட்டா, 15-ஆ, மைக்ரோ செட்டின் 60-ஆ என்பது அதில் அச்சாகியிருக்கும். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்கிறோம். நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 சொட்டு செட்டில் அதுவே 31. 20 சொட்டு செட்டை மாட்டிவிட்டு, நேற்றைய பழக்கத்தில் 31 வைத்தால் பாட்டில் முடிய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாற்றி, 15 சொட்டு செட்டில் 42 வைத்தால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு அது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். சொட்டை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும் என்பதால் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள்.

ஜூன் 13
ஒரே வார்டில் இரண்டு முனியசாமி இருப்பது நம் பக்கம் சாதாரணம். "நீங்க முனியசாமிதானே?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாரும் "ம்" கொட்டுவார்கள். "உங்க பேரு, அப்பா பேரு சொல்லுங்கண்ணே" என்று கேட்டு, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்ட பிறகே ஊசி.

ஜூன் 15
61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் கிளம்பிவிட்டால் திருக்கை முள்ளும் கெளுத்தி முள்ளும் குத்தியவர்கள் வரத் தொடங்குவார்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் செயலிழக்கும். அதனால்தான் 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் குத்துப்பட்ட காலை 30 முதல் 90 நிமிடம் வைக்கிறோம். சூட்டைக் குத்துப்பட்ட காலில் பார்க்கக் கூடாது, வலியில் சூடு தெரியாது. நல்ல காலில் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை, வெந்துபோவதுகூடத் தெரியாது. உள்ளே ஒடிந்த முள்துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்ப்பார்கள். டெட்டனஸ் ஊசியை மறக்காதீர்கள். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ நின்றால் தொடவே கூடாது. பிடுங்குவது அறுவை அரங்கில்தான்.

ஜூன் 18
வலையைப் பிரிக்கும்போது கடல்பாம்பு கடித்தவரைப் பற்றி மாணவிகள் நன்றாகப் படித்திருக்க வேண்டும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போறேன்" என்பார். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடல்வலி, தசை இறுக்கம், வாய் திறக்க முடியாமை, இமை தொங்குதல் வரும். பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கலாம். எனவே மணிக்கொருமுறை சிறுநீரின் அளவும் நிறமும், மூச்சின் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும்.

20 நிமிட ரத்தம் உறையும் சோதனை இவருக்குச் சரியாகவே வரும். அதைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். அது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கான சோதனை: 2 மில்லி ரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், ஆட்டாமல் 20 நிமிடம். சோப்பில் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும்.

நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. மாமல்லபுரம் அருகே இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் விஷம் எடுத்துத் தருவதும் இந்த நான்கிலிருந்துதான். கடல்பாம்புக்கு இது வேலை செய்யாது. அங்கே உயிரைக் காப்பது நம் கண்காணிப்பும், நேரத்தோடு கிடைக்கும் வென்டிலேட்டரும் டயாலிசிஸும்.

ஜூன் 22
இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு. எட்டு செமஸ்டர் முடித்து டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினாலும், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் நர்சாக வேலை பார்க்க முடியாது. பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பட்டத்தில் ஓர் எழுத்து குறைவு. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடா போக நினைக்கும் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட்டும் இதில் சேரும். ஏழாவது செமஸ்டரிலேயே எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பட்டம் அச்சான பிறகு திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.