ஓரத்துக் காலாள்

நினைவு மலர்க்குழுத் தம்பி மூன்றாம் தரம் போன் எடுத்து, “அண்ணை, மாஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ” என்றார். நல்லதாகத்தான் எழுத வேண்டும். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது அந்த இடைவேளைதான்.

1985. மொஸ்கோவில் கார்ப்போவ், கஸ்பரோவ் உலக செஸ் சம்பியன் போட்டியைப் பெப்ரவரியில் இடையில் நிறுத்தியிருந்தார்கள். 48 ஆட்டம், அதில் 40 டிரோ, வெற்றி தோல்வி இல்லை. அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு எங்களுக்கு மட்ச். மந்திரியும் (பிஷப்) இரண்டு காலாளும் கூடுதலாக வைத்திருந்த நான், நடுக்காலாளை வெட்டக் கொடுத்துவிட்டு ஓரத்துக் காலாளை ராணியாக்க ஓடினேன். ஓடிப் போய்ச் சேரும் மூலைக் கட்டம் கறுப்பு, என் மந்திரியோ வெள்ளைக் கட்டத்து மந்திரி. எதிராளி ராஜாவை மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். வெள்ளைக் கட்டத்து மந்திரியால் கறுப்பு மூலையைத் தொட முடியாது, ராஜாவை அங்கேயிருந்து கலைக்க வழியில்லை. அதற்குப் பிறகு எந்தக் கொம்பனாலும் வெல்ல முடியாது. அந்த அரைப் புள்ளியால் மட்சே போனது.

மறுநாள் இடைவேளையில் மாஸ்டர் அதே நிலையை அடுக்கி, என்னை வெள்ளைப் பக்கம் இருத்தி, ஏழாம் வகுப்புப் பொடியன்களை வரிசையில் விட்டார். பதினொரு பேர். மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக ராஜாவை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொருவனும் சிரித்துக்கொண்டே எழும்பிப் போனான்.

“சேர், கஸ்பரோவும் 40 டிரோதானே” என்றேன், ரோஷத்தில்.

“அவையள் டிரோ எடுத்தவை. நீ டிரோ குடுத்தனி.”

அடுத்த வருடம் அப்பா என்னைப் பிளேன் ஏற்றிவிட்டார். சொல்லாமல் போனேன்.

போன மாதம் லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் வார இறுதிப் போட்டி. எதிரே என்னைப் போலவே ஒரு கிளப் ஆட்டக்காரர், தேர்மஸில் தேநீரோடு வந்த கிழவர். அவரிடம் வெள்ளைக் கட்டத்து மந்திரி, இரண்டு காலாள். என்னிடம் ஒரு குதிரை மட்டும். தோல்விதான் என்று கையெழுத்துப் போட இருந்தவன், குதிரையைக் கொடுத்து உட்காலாளை வெட்டிவிட்டு மூலைக்கு ஓடினேன். கிழவர் பதினைந்து நகர்வு போராடிப் பார்த்தார், பிறகு கை நீட்டினார். எங்கே படித்தாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன்.

வெளியே வந்து போனைப் போட்டால் வட்ஸ்அப்பில் வரிசையாய் ஆழ்ந்த இரங்கல்.

இடையில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். மாஸ்டரின் ஒழுங்கை முகப்பு வரைக்கும் போய், வான்காரர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று திரும்பி வந்தேன். அந்த வான்காரர் அப்போது கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.