லாபம், ரெண்டு, மூணு

எங்கள் அம்மாச்சி நெல் அளந்தால் முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ வராது. ‘லாபம்’ என்றுதான் தொடங்குவாள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஆனால் பிள்ளைகளைத் தலை எண்ணுவது மட்டும் அவளுக்கு ஆகாது. விசேஷ வீட்டுக்குப் போக வேனில் ஏறி உட்கார்ந்ததும் யாராவது விரல் நீட்டி எண்ணினால், “புள்ளைகள எண்ணாத, கண்ணு பட்டுரும்” என்று கையைத் தட்டிவிடுவாள். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஒரு விடுதிப் பள்ளியில் நான் வாங்கிய சம்பளம் பெரும்பாலும் பிள்ளைகளை எண்ணியதற்குத்தான்.

அது 2018 கோடை. ஜூலை, ஆகஸ்டில் அங்கே விடுதிப் பள்ளிகள் காலியாகக் கிடக்கும். அந்தக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா என்று பல நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆங்கில முகாம் நடத்துவார்கள். நம் ஊர் குற்றால சீசன் மாதிரி அது ஒரு பருவத் தொழில். பாடம் எடுக்கத் தனி ஆசிரியர்கள் உண்டு. நான் ‘ஹவுஸ் பேரண்ட்’. காலை ஏழேகாலுக்குக் கதவைத் தட்டி எழுப்புவதில் தொடங்கி, இரவு போன்களை வாங்கிப் பூட்டி வைத்து விளக்கணைக்கும் வரை என் பொறுப்பு. வார்டன் என்று சொல்லலாம்தான். ஆனால் நம் ஊர் வார்டன்களுக்கு இருக்கும் கெத்தை இதில் தேடக் கூடாது.

பன்னிரண்டாவது வரை மதுரையில் தமிழ் வழியில் படித்தவள் நான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ‘மே ஐ கம் இன்’ சொல்வதற்குள் வியர்த்துப்போகும். அப்படிப்பட்டவள் ‘இங்கிலீஷ் ஒன்லி’ என்று எழுதி ஒட்டிய நடைவழியில் நின்று, இத்தாலிய மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பயல்களைப் பார்த்து, “ஆங்கிலத்தில் சண்டை போடுங்கள்” என்று அதட்டினேன். சண்டை அத்தோடு நின்றது. ஆங்கிலத்தில் திட்டுகிற அளவுக்கு இரண்டு பேருக்குமே சொல் போதவில்லை.

சேருமுன் டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை முடிந்தாக வேண்டும். பிறகு ஒரு நாள் பயிற்சி. எந்தப் பிள்ளையோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்காதே. தட்டாமல் உள்ளே போகாதே. பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் ஒரு பாராசிட்டமால்கூடக் கொடுக்காதே. முக்கியமாக, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதே. இந்தக் கடைசி விதி எனக்கு முதலில் கசந்தது. யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுத்தானே நாமெல்லாம் பெரியவர்களிடம் மனசைத் திறந்தோம்? இரண்டாம் வாரம் ஒரு பெண் பிள்ளை என்னிடம் சொன்ன விஷயத்துக்கு அப்புறம், அந்த விதியை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. என்ன விஷயம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த வருஷம் வெயில் வேறு. புல்வெளியெல்லாம் காய்ந்து மஞ்சளாகிவிட்டது. ஒரு அறையிலும் மின்விசிறி கிடையாது. ஜன்னல்கள் பாதுகாப்புக்காக ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி பூட்டியிருந்தன. இரவு ஒன்பது மணிக்கும் வெளியே வெளிச்சம். ‘வானம் வெளுத்திருக்கும்போது எப்படித் தூங்குவது?’ என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இல்லை. துண்டை நனைத்துப் பிழிந்து ஜன்னலில் தொங்கவிடச் சொல்லிக்கொடுத்தேன். என்னோடு வேலை பார்த்த ஆங்கிலேயப் பையன் ஏதோ பெரிய கண்டுபிடிப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்தக் கோடை முழுவதிலும் மதுரைக்காரி என்பதால் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

ஜூலை 11, புதன்கிழமை. உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்துக்கும் குரோஷியாவுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பதரைக்கு விளக்கணைக்க வேண்டும். ஆட்டமோ கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. மேலதிகாரியைக் கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்றார். அதாவது, ஏதாவது ஆனால் உன் தலை. நான் டிவியை அணைக்கவில்லை. 109-வது நிமிடத்தில் குரோஷியா இரண்டாவது கோல் போட்டது. அந்த உலகக் கோப்பைக்கே தகுதி பெறாத இத்தாலியின் பிள்ளைகள் சோபா மேலே ஏறிக் குதித்தார்கள். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சமையற்காரர் ஒன்றும் பேசாமல் ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டு போனார். மறுநாள் காலை எல்லோருக்கும் முட்டை கல் மாதிரி வெந்திருந்தது.

எண்ணிக்கைக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன், பின், கோச் என்கிற சுற்றுலாப் பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, ஃபயர் டிரில்லில், இரவில். தினம் பன்னிரண்டு தடவையாவது எண்ணுவேன். கோச்சில் இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். முடிக்கிற வரை இன்னொருவரிடம் எண்ணைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் அந்த எண்ணையே கண்டுபிடித்துவிடுவார். ஆங்கிலத்தில் எண்ணினால் பின்சீட்டுப் பையன்கள் வேண்டுமென்றே ‘டுவென்ட்டி நைன், டென், ஃபார்ட்டி’ என்று கத்திக் குழப்புவார்கள். அதனால் தமிழுக்கு மாறினேன். சீட்டின் தலைப்பகுதியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், லாபம், ரெண்டு, மூணு. அம்மாச்சிக்கு ஒரு சமாதானம் சொன்ன மாதிரியும் ஆயிற்று.

முதல் சீட்டில் எப்போதும் ஒரே பையன்தான். இத்தாலிக்காரன், பன்னிரண்டு வயது. வண்டியில் வாந்தி எடுப்பான் என்பதால் அவனும் ஒரு வாளியும் எனக்குப் பக்கத்தில். ஆங்கிலத்தில் அடிமட்டம், அதாவது ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவுகோலில் முதல் படியான ஏ1. முதல் வாரம் ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணி நெருங்கும்போது நடைவழியில் வந்து நின்றான். “ஸ்டமக்” என்றான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வீட்டு ஏக்கம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வயிற்றில்தான் வந்து உட்காருகிறது. நடைவழியில் விளக்கைப் போட்டு, என் சக ஊழியர் பார்க்கிற இடத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வெந்நீர், வெண்ணெய் தடவாத ரொட்டி ஒரு துண்டு. “மை கிராண்ட்மதர், எவ்ரி நைட், டோர்” என்றான். கையால் பூட்டித் திறந்து, மறுபடி பூட்டிக் காட்டினான். அவன் பாட்டி தினமும் படுக்குமுன் வாசல் கதவை இரண்டு தடவை சரிபார்ப்பாளாம். அந்தச் சத்தம் கேட்டால்தான் இவனுக்குத் தூக்கம். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு இருபது நிமிஷம் ஆனது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே மொழி ஆங்கிலம்தான் என்பதால், அவன் விடவும் இல்லை, நான் முடித்துக்கொடுக்கவும் இல்லை. காலை வகுப்பில் அவன் இருபது நிமிஷம் வாய் திறந்ததாக எந்த ஆசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்று முதல் விளக்கணைத்ததும் நடைவழிக் கதவை இரண்டு தடவை பூட்டித் திறந்தேன்.

டோவர் கோட்டைக்குப் போன நாளை மறக்க முடியாது. 1940-ல், இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சின் டன்கர்க்கிலிருந்து மூன்று லட்சத்துச் சொச்சம் படைவீரர்களை மீட்ட நடவடிக்கையை அந்தக் கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்கங்களில் இருந்துதான் நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடச் சுரங்கத்தின் குளிர்ச்சிதான் பிடித்தது. பெரிய பிள்ளைகள் மூன்று மூன்று பேராகக் கோட்டைக்குள் சுற்றிவிட்டு மூன்று மணிக்குக் கோச் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். எண்ணினேன். நாற்பது. சக ஊழியரும் நாற்பது. வர வேண்டியது நாற்பத்து மூன்று.

காணாமல்போனது ஸ்பெயினைச் சேர்ந்த மூன்று பெண்கள். நேரம் தவறாத பிள்ளைகள். அவர்கள் தாமதிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து காத்திருந்திருக்கிறார்கள். டோவரில் கடலோரமாக நின்றால் போன்கள் எதிர்க்கரை பிரான்சின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். கடிகாரமும் தானாகப் பிரெஞ்சு நேரத்துக்கு, ஒரு மணி முன்னால் போய்விடும். அவர்கள் போனில் மூன்று என்றால் எங்களுக்கு இரண்டு. யாரையும் காணோம், கோச் போய்விட்டது என்று நினைத்து மலையிறங்கி ஊருக்குள் நடந்துவிட்டார்கள். கழுத்து அட்டையில் இருந்த அவசர எண்ணுக்கும் முயன்றிருக்கிறார்கள். பிரெஞ்சில் ஒரு பதிவுக்குரல் வந்ததாம். முகாம் நடத்தியவர்கள் அட்டையில் நாட்டுக் குறியீடு இல்லாமல் எண்ணை அச்சடித்திருந்தார்கள். முதல் வாரமே நான் இதைச் சொல்லியிருந்தேன். ‘அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்க்கலாம்’ என்றார்கள்.

நாற்பது நிமிடம். மேலே கோச்சில் நாற்பது பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கோட்டைச் சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே துணியவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாப்பில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, மூன்று பிள்ளைகள் அழுவதைப் பார்த்து, அட்டையை வாங்கித் தன் போனிலிருந்து அழைத்தார். கீழே போய்க் கூட்டிவந்தோம். அதட்ட வாய் வரவில்லை. அவர்கள் செய்தது எதுவும் தப்பில்லையே. அன்று ராத்திரி நான்தான் அறிக்கை எழுதினேன், ஒன்றரைப் பக்கம். அட்டையைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று மேலதிகாரி கேட்டார். எடுக்கவில்லை. மறு வருஷம் அந்த முகாமில் என்னைக் கூப்பிடவில்லை. காரணம் இதுதானா என்று தெரியாது. வேறொரு முகாமில் சேர்ந்தேன்.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தங்கள் நாட்டு அடையாள அட்டையை வைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். 2021 அக்டோபர் முதல் அது செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும் என்று ஆகிவிட்டது. இப்போது அவர்கள் ஊர்ப் பள்ளிகள் பல அயர்லாந்துக்கும் மால்டாவுக்கும் பிள்ளைகளை அனுப்புகின்றன.

இத்தாலியப் பிள்ளைகள் கிளம்பிய நாள், விடிகாலை விமானம். ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் போகக் கோச் இரண்டேமுக்காலுக்கே வந்து நின்றது. அரைத் தூக்கத்தில் பிள்ளைகள், மூட்டை மாதிரிப் பெட்டிகள், கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள். நான் வழக்கம்போல முதல் சீட்டிலிருந்து தொடங்கப் போனேன். அவன் கையை நீட்டித் தடுத்தான். வாளியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்து, தானே ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டு பின்னால் போனான்.

“லாபம். ரெண்டு. மூணு. நாலு.”

இருபத்திரண்டில் முடித்துத் திரும்பிப் பார்த்தான். சரியாக இருந்தது. தமிழில் ஒன்றுக்கு ‘லாபம்’ என்று பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். திருத்த வாயெடுத்தேன். ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டார்.